பூசி மெழுகிய சுவர்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து தனுஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணியை வாயில் வைத்தாள்; ஆறிப்போயிருந்தது. திரும்பச் சுடவைத்தாள், குடிக்க மறந்தாள். சேலை மடிப்பை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் நடக்க இடம் ஏது? அடுப்புக்கும் வாசலுக்குமாக ஆறேழு தடவை போய் வந்தாள்.

"என்னா புள்ள, கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" என்றாள் அம்மாக்கண்ணு. கொழுந்துக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒன்றுமில்லை என்றாள் தனுஜா. தாய் நம்பவில்லை. ஆனால் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

போன கார்த்திகையில் பெய்த பெருமழை அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகளையெல்லாம் ஊறவைத்துவிட்டுப் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் மேற்பிரிவுப் பிள்ளைக் காம்பராவின் கல்லும் மண்ணுமாகக் கட்டிய தடித்த பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விழுந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பதினெட்டுக் குழந்தைகளை நம்பி விட்டுவிட்டுப் போகும் கட்டடம் அது. ஆயம்மா பிரியந்தி ஆபீசுக்கு நடந்து நடந்து கால் ஓய்ந்தாள். தோட்டத்துச் சங்கத் தலைவர் சின்னத்தம்பி, அம்மாக்கண்ணுவின் கூடப்பிறந்த அண்ணன், தொரையிடம் பேசுகிறேன் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மூன்று கிழமைக்கு முன் தனுஜாதான் பிரதேச செயலகத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினாள். பதினொரு தாய்மார் கையெழுத்து வைத்தார்கள். பிரியந்தி தன் போனில் எடுத்த படத்தை அச்செடுத்து இணைத்தார்கள். எழுதியவளின் பெயர் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா சோலைமலை இந்தத் தோட்டத்து மேசன்; சனம் 'பாஸ்' என்று கூப்பிடும். தம்பி சுதாகரன் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராகச் சேர்ந்து ஒன்றரை வருஷமாகிறது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே தனி வீட்டுப் பட்டியல். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தை விட்டு ஒரு துண்டுக் காணியில் சொந்தமாக வீடு கட்டிக்கொடுக்கும் திட்டத்தில் சோலைமலையின் பெயர் மூன்றாவதாக இருந்தது. தோட்டத்துக்கு எதிராகக் கடிதம் எழுதியது மகள் என்று தெரிந்தால் அந்தப் பெயர் எந்த மூலைக்குப் போகுமோ, யார் கண்டது. ஆகவே அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதிலாக மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் இன்றைக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறார்கள். இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் அதுதான்.

*

தனுஜா தோட்டப் பாடசாலையில் தமிழ் ஆசிரியை. அன்று முதல் இரண்டு பாடமும் அவளுக்குத் தரம் பத்து. மரபுத்தொடர் நடத்த வேண்டிய நாள். கரும்பலகையில் எழுதினாள்: கம்பி நீட்டுதல். கயிறு திரித்தல். பூசி மெழுகுதல்.

முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் பொருள் சொல்லிவிட்டார்கள். மூன்றாவதற்கு, செய்த குற்றத்தை வெளியே தெரியாமல் மறைப்பது என்று அவளே சொல்லி எழுதிப்போட்டாள். ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்மலையில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் அதிகாரிகள் வருவார்களா, பாதையோடு திரும்பிவிடுவார்களா?

இரண்டாம் வரிசையில் ஜெனிதா எழுந்து நின்றாள். கோயில் தெருவில் இருக்கும் அலோசியஸின் மகள். எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

"டீச்சர், மெழுகுறது நல்ல வேலதானே? நத்தார் பெருநாளுக்கு எங்க அப்பாயி வீட்டுல சாணி போட்டு மெழுகுவாங்க. சுத்தத்துக்குத்தானே செய்றாங்க. அது எப்பிடி குத்தத்த மறைக்கிறதுக்குப் பேரா வந்திச்சி?"

தனுஜா கையிலிருந்த சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தாள்.

யார் முதலில் அப்படிச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என்றாள். ஆனால் இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றுவதைச் சொன்னாள். முந்தி எல்லா வீடும் மண்தரை, மண்சுவர். வெயில் பட்டால் மண் வெடிக்கும். வெடித்த இடத்தில் களிமண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். அதன்மேல் சாணியைக் கரைத்து மெழுகுவார்கள். ஈரம் இருக்கும்வரை தரை கண்ணாடி போல இருக்கும். எங்கே வெடிப்பு இருந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. சிலர் உள்ளே மண்ணை இடித்து நிரப்பிவிட்டு மெழுகுவார்கள். சிலர் நேரமில்லாமலோ சோம்பலாலோ மேலோடு இழுத்துவிட்டுப் போவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அப்ப ரெண்டுக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியும், டீச்சர்?"

"மெழுகினவங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வர்றவங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் இந்தத் தொடருக்குப் பொருளே இருக்கு. வேலை கெட்டதில்லை. உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுகிட்டே மேல பூசுறதுதான் கெட்டது."

சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னாள். வாங்குகளுக்கு இடையில் நடந்து கொப்பிகளைத் திருத்தினாள். அமைச்சர்கள் ஊழலைப் பூசி மெழுகினார்கள். அண்ணன் சிகரெட் பிடித்ததை மாமி பூசி மெழுகினார். சிரிப்பு வந்தது. சிவப்புப் பேனையால் சரி போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசி வாங்கில் நிஷாந்தி இருந்தாள். பிள்ளைக் காம்பரா ஆயம்மா பிரியந்தியின் மூத்த மகள். அதிகம் பேசாதவள். அவள் கொப்பியில் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது:

'சோலைமலை பாஸ் நேற்று மாலை பிள்ளைக் காம்பராவின் வெடித்த சுவரைப் பூசி மெழுகினார்.'

தனுஜாவின் பேனை பழக்கத்தில் ஓடிவிட்டது. 'இது நேர்ப்பொருள். மரபுத்தொடராக அமைத்து எழுதுக' என்று ஓரத்தில் எழுதிய பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது மண்டையில் ஏறியது.

நேற்று மாலையா என்று குனிந்து மெல்லக் கேட்டாள். நிஷாந்தி நிமிராமலே தலையாட்டினாள். பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு பாஸ் வந்தாராம். அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். இன்றைக்குக் காலையில் வெள்ளையும் அடிக்கிறாராம்.

நேற்று அப்பா நேரம் கழித்து வந்தார். பங்களாக் குசினியில் வேலை என்றார்.

தனுஜா தான் எழுதிய சிவப்பு வரியை ஒற்றைக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் சரி என்று அடையாளமிட்டாள்.

*

இடைவேளை மணி அடித்ததும் அதிபரிடம் சொல்லிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினாள். தேயிலைச் செடிகளின் ஈரம் சேலைக் கரையை நனைத்தது. மூன்று இடத்தில் வழுக்கியது. நிதானமாக இறங்கினால்தான் என்ன? கால் கேட்கவில்லை.

பிள்ளைக் காம்பராவின் முன்தாழ்வாரத்தில் பிரியந்தி குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பின்னறைக் கதவை வெளியே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள். தனுஜாவைப் பார்த்ததும் கண்ணால் பின்பக்கம் காட்டினாள்.

சோலைமலை ஏணியில் நின்று இரண்டாவது பூச்சு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். சுவர் நேற்றுக் கட்டியதுபோல் பளிச்சென்று இருந்தது. நடுவில் மட்டும் ஓர் அடி அகலத்துக்கு நிறம் கொஞ்சம் மங்கல். உள்ளே சீமெந்து காயவில்லை.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்றார்.

"நேத்து பங்களாவுல வேலைன்னு சொன்னீங்க."

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். வாளியை ஓரமாக வைத்தார். ஐம்பத்தெட்டு வயதிலும் நிமிர்ந்து நடக்கும் மனிதர். தோட்டத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் இது சோலைமலை பாஸ் கட்டியது என்று சனம் சொல்லும். அவ்வளவு நூல் பிடித்த வேலை. இன்றைக்கு அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய கிளாக்கர் புதன்கிழமை தன்னைக் கூப்பிட்டனுப்பியதைச் சொன்னார். வருகிறவர்கள் இந்தச் சுவரைப் பார்த்துச் சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டால் மேற்பிரிவு முழுவதும் ஆபத்து இடம் என்றாகிவிடுமாம். வீட்டுப் பட்டியலைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்குவார்களாம். அது இன்னும் பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ. மழை விட்டதும் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாகத் தொரை வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"நீங்க நம்புறீங்களா, அப்பா?"

"நம்பாம என்னா செய்றது?"

"வெடிப்பு எவ்வளவு ஆழம்?"

"அத மட்டும் கேக்காத."

அந்தக் குரலில் இருந்தது கோபமல்ல. முன்பக்கத்தில் ஒரு குழந்தை அழத் தொடங்கி, பிரியந்தி ஏதோ சொல்ல, அடங்கியது.

"அந்தக் கடிதத்த எழுதினது நான்தாம்ப்பா," என்றாள்.

சோலைமலை நிமிர்ந்தார்.

"வீட்டுல எங்களுக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டே எழுதினியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா புள்ள?"

"நீங்களும் சொல்லலியே."

அவள் சொல்லாதது அவரைக் காப்பாற்ற. அவர் சொல்லாதது வீட்டைக் காப்பாற்ற. இருவருமே ஒரே காம்பராவில் ஒரே அடுப்புச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு அவள் மூன்று கிழமையும் அவர் மூன்று நாளுமாக ஒருவரையொருவர் ஏமாற்றியிருக்கிறார்கள்.

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போ," என்றார் சோலைமலை. மறுபடி ஏணியில் ஏறினார். தூரிகை சுவரில் படும் சத்தம் மட்டும் அவள் பின்னால் வந்தது.

மிச்சப் பாடங்களை எப்படி நடத்தினாள் என்று தனுஜாவுக்கே தெரியாது.

*

இரண்டேகாலுக்கு ஜீப் வந்தது. பூட்ஸ் போட்ட ஓர் அதிகாரி அம்மாவும், அளக்கும் கருவிகளோடு இன்னொருவரும் இறங்கினார்கள். சின்ன தொரை குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தலைவர் சின்னத்தம்பி வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் வெறுங்கூடைகளோடு மேட்டில் கூடி நின்றார்கள். அவர்களுக்குள் அம்மாக்கண்ணுவும் இருந்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. மகள் ஏன் இந்த நேரத்தில் இங்கே நிற்கிறாள் என்பதும் விளங்கவில்லை.

சின்ன தொரை சிங்களத்தில் சரளமாகப் பேசினார். படத்தில் வெடிப்பு பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் மேற்பூச்சு மட்டும்தான் விட்டிருந்தது. தோட்டம் பொறுப்போடு உடனே திருத்திவிட்டது. வெளியார் யாரோ இந்தப் பெண்களைத் தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றார்.

அதிகாரி அம்மா சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். காது வைத்துக் கேட்டார். இதைப் பூசியது யார் என்று கேட்டார். சோலைமலை முன்னால் வந்து நின்றார். வெடிப்பு எவ்வளவு இருந்தது?

சோலைமலை கையில் ஒட்டிய வெள்ளையைத் தேய்த்தார்.

"சொல்லுங்க மச்சான், சின்ன வெடிப்புதானே," என்று எடுத்துக்கொடுத்தார் சின்னத்தம்பி.

சின்ன வெடிப்புதான் என்று சோலைமலை சிங்களத்தில் சொன்னார். தலை குனிந்திருந்தது.

அதிகாரி அம்மா தாளில் எழுதத் தொடங்கினார். மேட்டில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையெழுத்து வைத்த பதினொரு பேரும் இனிப் பொய்க்காரிகள். பிரியந்தி இடுப்பில் இருந்த குழந்தையை மறுபக்கத்துக்கு மாற்றினாள். அவள் முகத்தைப் பார்க்கத் தனுஜாவால் முடியவில்லை. நேற்றுவரை இந்த வேலையில் தனக்குப் பங்கில்லாததுபோல் மறைந்து நின்றவள் தான்தானே?

அவள் கால் தானாக முன்னே போனது.

கடிதம் எழுதியது வெளியார் இல்லை, தான்தான் என்று சிங்களத்தில் சொன்னாள். தான் இந்தப் பாடசாலை ஆசிரியை என்றாள். படத்தை எடுத்த அன்று பக்கத்தில் நின்றதாகவும், அந்த வெடிப்பு மேற்பூச்சு விட்டதுபோல் இல்லை என்றும் சொன்னாள்.

சின்ன தொரை அவளை மேலும் கீழும் பார்த்தார். இவள் யார் வீட்டுப் பிள்ளை என்று சின்னத்தம்பியைக் கேட்டார். சின்னத்தம்பி தொண்டையைச் செருமினார். தகரத்தில் மழைத்துளி விழத் தொடங்கியது.

"என் மக," என்றார் சோலைமலை.

அவர் வாளிப் பக்கம் போனார். மேசன் கரண்டியை எடுத்தார். மங்கலாக இருந்த இடத்தில் கரண்டி முனையை வைத்து அழுத்தினார். காயாத சீமெந்து பாளமாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. சின்ன தொரை ஏதோ சொல்லிக்கொண்டு கையை நீட்டினார். சோலைமலை திரும்பவில்லை. விரலை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்தார். கசங்கிய சீமெந்துப் பைக் காகிதம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஈரச் சாக்கு ஒன்று, நீளமாக, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் காலி உரப்பைகளும்.

எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டு வலது கையை உள்ளே நுழைத்தார். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. தோள்பட்டை சுவரில் இடித்து நின்றது. கன்னம் ஈர வெள்ளையில் அழுந்தியிருக்க, அப்படியே நின்றபடி அதிகாரி அம்மாவைப் பார்த்தார்.

"இவ்வளவு, மிஸ்," என்றார். "கைக்கு அந்தப் பக்கம் மண்ணே தட்டல. பூச்சுங்கறது சொவத்தக் காப்பாத்தத்தான். நாப்பது வருஷமா அப்பிடித்தான் பூசினேன். நேத்துதான்…"

தமிழில் சொன்னார். சிங்களத்தில் சொல்ல வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது. தனுஜா மொழிபெயர்த்தாள்.

அதிகாரி அம்மா டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். எழுதிய தாளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டார். குழந்தைகளை இப்போதே வெளியேற்றச் சொன்னார்.

பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பத்து நிமிஷத்தில் பதினெட்டுக் குழந்தைகளும் தாய்மார் இடுப்பில் இருந்தன. பிரியந்தி பெயர் சொல்லிச் சொல்லி இரண்டு தரம் எண்ணினாள். எண்ணி முடித்த பிறகு படியில் உட்கார்ந்து அழுதாள்.

*

அதோடு முடியவில்லை.

அதிகாரிகள் கட்டடத்தின் பின்னால் செடிகளுக்குள் ஏறினார்கள். தனுஜாவும் போனாள். தரையில் ஒரு பிளவு வளைந்து வளைந்து மேலே போயிற்று. சில இடங்களில் தேயிலை வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அந்தப் பிளவு போய் முடிந்த இடம் ஏழாம் நம்பர் லயத்தின் பின்னால் தண்ணீர் ஓடும் கான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி அம்மா கேட்டார்.

"நாங்கதான்," என்றாள் பின்னால் மூச்சிரைக்க ஏறி வந்த அம்மாக்கண்ணு.

பொழுது சாய்வதற்குள் எட்டுக் குடும்பமும் பாடசாலை மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவாயிற்று. சின்ன தொரை போனில் யாருடனோ பேசிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். போகும்போது சோலைமலையைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வீட்டுப் பட்டியலின் மூன்றாவது பெயருக்கு என்ன ஆகும் என்பது எழுதியிருந்தது.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் அதிகாரி அம்மா தனுஜாவைத் தனியே கூப்பிட்டார். பழைய கோப்பை இப்போதுதான் புரட்டிப் பார்த்ததாகவும் ஒன்று தனக்குப் புரியவில்லை என்றும் சொன்னார். இந்த மலையைத் தங்கள் ஆட்கள் தை மாதமே வந்து அளந்திருக்கிறார்கள். ஏழாம் நம்பர் லயத்தையும் பிள்ளைக் காம்பராவையும் காலி செய்யும்படி அப்போதே தோட்டத்துக்குக் கடிதம் அனுப்பியாயிற்று. ஆபீசில் கையெழுத்து வைத்து வாங்கியும் இருக்கிறார்கள். இந்தச் சனத்துக்கு ஒருவருமே சொல்லவில்லையா?

கோப்பைத் திறந்து வாங்கிய ரசீதின் நகலைக் காட்டினார்.

தனுஜா குனிந்து பார்த்தாள். திகதி. தோட்டத்து முத்திரை. அதன்மேல் சாய்வான கையெழுத்து. அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். முதலாந்தரத்தில் கை பிடித்து எழுதப் பழக்கியது அவள்தான்.

"இந்த ஆள் யார், உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லலாம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலையில் அப்பாவிடம் எவ்வளவு எளிதாகக் கேள்வி கேட்டோம் என்று நினைத்தாள்.

"என் தம்பி," என்றாள்.

அதிகாரி அம்மா கோப்பை மூடினார். இதை அறிக்கையில் எழுதாமல் விட முடியாது என்று மெதுவாகச் சொன்னார். தனுஜா தலையசைத்தாள். ஜீப் திரும்பி வளைவில் மறைந்தது.

*

மாலை ஐந்தரைக்கு மழை வலுத்துவிட்டது. பாடசாலை மண்டபத்தில் எட்டுக் குடும்பத்தின் பாய்களும் பானைகளும் மூட்டைகளும் மூலைக்கு மூலை குவிந்தன. சோலைமலை ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளை அப்படியே காய்ந்திருந்தது. அம்மாக்கண்ணு சேலைத் தலைப்பை நனைத்து அதைத் துடைத்துவிட்டாள். ஏன் பூசினீர்கள் என்று கேட்கவில்லை. ஏன் பெயர்த்தீர்கள் என்றும் கேட்கவில்லை. மகளிடம் மட்டும், இனிமேல் எதையென்றாலும் சொல்லிவிட்டுச் செய் என்றாள்.

சின்னத்தம்பி மாமா சும்மா இருக்கவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொட்டும் மழையில் லயத்துக்கும் மண்டபத்துக்கும் நாலு நடை நடந்துவிட்டார். அலுமாரியைத் தலையில் தூக்கிவந்தார். கிழவிகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். தலைவர் என்றால் இவர்தான் என்று சனம் பேசிக்கொண்டது.

தனுஜாவின் கண் வாசலிலேயே இருந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள். தம்பியின் போனுக்கு ஏழு தடவை அடித்தாள். எட்டாவது தடவை அடிக்கப் போனபோது சுதாகரனே வந்து நின்றான். தொப்பலாக நனைந்திருந்தான். ஆபீசில் எல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவனைத் தாழ்வார ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தையிலயே கடிதம் வந்திருக்கு. நீதான் வாங்கியிருக்க. ஆறு மாசமா அந்த லயத்துலதானே நீயும் படுத்த, சுதா?"

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. தான் அதை ஒளித்து வைக்கவில்லை என்றான். பெரிய கிளாக்கரிடம் கொடுத்தால் மேசைக்குள் போய்விடும் என்று பயந்து, அவருக்குத் தெரியாமல் அன்றைக்கே வெளியே எடுத்துக்கொண்டு போய் வேறு ஓர் ஆளிடம் கொடுத்தானாம். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ இதைப் பற்றி வாய் திறக்காதே, திறந்தால் உன் வேலை போய்விடும் என்று அந்த ஆள் சொன்னாராம்.

"யாருகிட்ட குடுத்த?"

சுதாகரன் மண்டபத்துக்குள் பார்த்தான். தனுஜா அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்.

அவள் வீட்டுச் சாமிப் படங்களை மழை படாமல் கழற்றிய வெள்ளைச் சட்டையால் போர்த்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் நீர் சொட்டச் சொட்ட, சின்னத்தம்பி மாமா உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"தனு, இத எங்க வைக்கட்டும்?" என்று அன்போடு கேட்டார்.

அவளுக்குப் பின்னால் சுதாகரன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. தூணடியில் அப்பா கண்ணை மூடியிருந்தார். அம்மா, கூடப்பிறந்தவனின் நனைந்த தலையைத் துவட்ட ஒரு துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தனுஜா இரண்டு கையையும் நீட்டிப் படங்களை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, துண்ட வச்சிட்டு இங்க வாங்க," என்றாள். "மாமாகிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்களும் பக்கத்துல நில்லுங்க."